தாளின் பின்பக்கம்

ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் டெல்பின் வகுப்பு எடுத்தாள். வாசலில் 'தாய் மொழி கற்றுத் தரப்படும்' என்று ஒரு போர்டு வைத்தாள். முதல் வாரமே ஒரு பெரியவர் மூச்சு வாங்கப் படியேறி வந்து, "இங்க பொறந்தவாளுக்கே தமிழ் சொல்லித் தரணும்னு ஆயிடுத்தா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் அதை 'தாய்லாந்து மொழி' என்று திருத்தி எழுதினாள்.

கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் அவள் தாய்லாந்தில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள். திரும்பி வந்து, தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அமல்ராஜைக் கட்டிக்கொண்டு கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் குடியேறிய பிறகு அந்த மொழிக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது. திருச்சியிலிருந்தே பாங்காக்குக்கு விமானம் போக ஆரம்பித்ததும் ஜனங்கள் டூர் கிளம்பினார்கள். அப்போதுதான் அவளுக்கு இந்த யோசனை வந்தது.

முதல் மாணவி ரங்கநாயகி மாமி. அங்கே காய்கறியில்கூட மீனிலிருந்து இறக்கிய சாறை ஊற்றுகிறார்கள் என்று யாரோ சொல்லி மாமியைக் கலங்கடித்திருந்தார்கள். டெல்பின் 'மை சை நம் ப்லா' என்று எழுதிக் கொடுத்தாள். மீன் சாறு ஊற்றாதீங்க. மாமி தினமும் பாசுரம் சேவித்த கையோடு அதையும் நாலு தரம் சொல்லிப் பார்த்தார். திரும்பி வந்து, "ஒரு எடத்துலயும் ஏமாறலை. பெருமாள் கிருபை, அதுக்கப்புறம் நீதான்" என்றார். டெல்பினுக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

வகுப்புக்கு ஒரே ஒரு தாள்தான். முன்பக்கம் நாற்பது வரிகள். வணக்கம், நன்றி, எவ்வளவு, காரம் வேண்டாம், கழிப்பறை எங்கே. ஆண்கள் வாக்கியத்தின் கடைசியில் 'க்ரப்' சேர்க்கணும், பெண்கள் 'க்கா' சேர்க்கணும், நம்ம ஊர் 'ங்க' மாதிரி, என்று சொன்னால் எல்லாருக்கும் உடனே பிடிபட்டது. பின்பக்கம் பன்னிரண்டு வரிகள். உதவி பண்ணுங்க. போலீஸைக் கூப்பிடுங்க. என் பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டாங்க. நான் வர மாட்டேன். அதற்குக் கீழே அந்த ஊர் போலீஸ் எண். டெல்பின் எப்போதும் பின்பக்கத்தைத்தான் முதலில் நடத்துவாள். தாய்லாந்து போன முதல் மாதம் ஒரு ஸ்கூட்டர் அவளை அடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. ரோட்டோரத்தில் கால் முறிந்து கிடந்தபோது, குனிந்து குனிந்து பார்த்த முகங்களிடம் சொல்ல அவளிடம் ஒரு வார்த்தை இல்லை. அதை அவள் மறந்ததில்லை.

போன வருஷம் சித்திரையில் ஹரிபிரசாத் வந்தான். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு பக்கம் டிராவல்ஸ் வைத்திருப்பதாகச் சொன்னான். முப்பத்தைந்து வயசிருக்கும், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு.

"மாசம் ரெண்டு பேட்ச் அனுப்பறேன் மேடம். எட்டு எட்டுப் பேரா வருவாங்க. ஏர்போர்ட்ல தடுமாறாம ஒரு நாலு வார்த்தை பேசத் தெரிஞ்சா போதும்."

வந்தவர்கள் எல்லாரும் இருபத்திரண்டு, இருபத்தைந்து வயசுப் பையன்கள். முசிறி, தொட்டியம், மணப்பாறை என்று சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள். டூர் போகிறவர்கள் கேட்கும் கேள்வி எதையும் அவர்கள் கேட்கவில்லை. கடற்கரை எங்கே, துணி எங்கே மலிவு, ஒன்றும் இல்லை. நோட்டில் எழுதிக்கொண்டார்கள், பரீட்சைக்குப் படிப்பது மாதிரி.

இரண்டாவது பேட்ச் வந்த அன்று ஹரிபிரசாத்தும் வகுப்பில் உட்கார்ந்தான். முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"இதுல ரெண்டு வரி சேத்துக்கணும் மேடம். எதுக்கு வந்தீங்கன்னு ஆபீசர் கேட்டா, சுத்திப் பாக்க வந்தேன், அஞ்சு நாள். இதைத் தூக்கத்துல கேட்டாலும் சொல்லணும். அப்புறம் அந்தப் பின்பக்கம். அது வேணாமே."

"ஏன்?"

"உதவி, போலீஸ், பாஸ்போர்ட் பிடுங்கிட்டாங்கன்னு எல்லாம் இருக்கு. முதமுதல்ல ஃபிளைட் ஏறப்போற பசங்க. வீட்ல அம்மாமாரு எடுத்துப் படிச்சா பயந்துடுவாங்க."

டெல்பின் கொஞ்சம் தயங்கினாள். "இவங்க டூர்தானே போறாங்க?"

"டூர்லதான் போறாங்க. அங்க கம்ப்யூட்டர் வேலை. பெர்மிட் கம்பெனியே எடுத்துடும். இப்ப எல்லாரும் இப்படித்தான் மேடம் போறாங்க."

அவளுக்குத் தெரியும். வேலைக்கான அனுமதி வரும்வரை அந்தப் பள்ளிக்கூடம் அவளை இரண்டு மாதம் வகுப்புக்குள் காலெடுத்து வைக்க விடவில்லை. சுற்றிப் பார்க்க வந்தவன் என்று பொய் சொல்லி உள்ளே போகிறவனுக்கு அந்த நாட்டில் எந்தச் சட்டமும் துணை இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மாடியில் எட்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வருஷக்கணக்காகப் பயன்படாமல் கிடந்த ஒன்றைத் தேடி ஆட்கள் வருவது அவளுக்குப் பிடித்திருந்தது. "சரி" என்றாள். அடுத்த பேட்சுக்கு ஜெராக்ஸ் எடுக்கும்போது முன்பக்கத்தை மட்டும் வைத்து எடுத்தாள். 'மா தியாவ், ஹா வன்' என்று இரண்டு வரி கூடுதலாக எழுதிச் சேர்த்தாள். சுத்திப் பாக்க வந்தேன், அஞ்சு நாள்.

வீரமலை அந்த அடுத்த பேட்சில் வந்தவன். ஜீயபுரத்துப் பையன், டிப்ளமோ முடித்துவிட்டு மூணு வருஷமாக நிரந்தர வேலையில்லாமல் இருந்தவன். அப்பா அம்மா இல்லை, அக்கா காளியாயிதான் வாழை இலை அறுக்கப் போய் வளர்த்தாள். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஜமீல், பாலக்கரைப் பையன். இரண்டு பேரும் முதல் வகுப்பிலேயே சிநேகமாகிவிட்டார்கள். ஆற்றுக்கு அங்கே 'மே நாம்' என்று பெயர், மே என்றால் அம்மா, நாம் என்றால் தண்ணீர் என்று டெல்பின் சொன்னபோது வீரமலை எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"நல்லா இருக்கு டீச்சர். நாங்க காவேரியில கெடந்தவங்க."

"நான் இல்லப்பா. எனக்குத் தண்ணின்னாலே பயம்" என்றான் ஜமீல். எல்லாரும் சிரித்தார்கள்.

கடைசி வகுப்பன்று காளியாயி வந்திருந்தாள். படிக்கட்டுக்குக் கீழே நின்றாள். கூலி வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், புடவையில் வாழைக்கறை. டெல்பின் இறங்கி வந்ததும் தம்பியைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"டீச்சர், நீங்க அங்க இருந்தவங்கன்னு தம்பி சொல்லிச்சு. எனக்கு ஒண்ணும் தெரியாது. அது நல்ல எடம்தானுங்களா? அனுப்பலாமா?"

அவள் கேட்டது என்ன என்பது டெல்பினுக்குப் புரியாமல் இல்லை. இந்த வேலை நல்ல வேலையா, இந்த ஆள் நம்பத் தகுந்த ஆளா, அதைத்தான் கேட்டாள்.

"ரொம்ப நல்ல ஜனங்க காளியாயி. நான் நாலு வருஷம் இருந்தேன். ஒரு கஷ்டமும் இல்ல. பயப்படாதீங்க" என்றாள் டெல்பின்.

காளியாயி கையெடுத்துக் கும்பிட்டாள். டெல்பின் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது, சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டாள். கைலாசபுரம் போய்ச் சேருவதற்குள் இன்னும் இரண்டு முறை சொல்லிக்கொண்டாள்.

ஆனி மாதம் அவர்கள் கிளம்பினார்கள். ஏர்போர்ட்டிலிருந்து வீரமலை அவளுக்கு ஒரு போட்டோ அனுப்பினான், அவனும் ஜமீலும் புதுச் சட்டையில். பாங்காக் இறங்கியதும், "ஆபீசர் கேட்டாரு டீச்சர். டக்குன்னு சொல்லிட்டோம்" என்று ஒரு செய்தி. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.

ஒரு மாதம் போனது. செய்தித்தாளில், தாய்லாந்துக்கு வேலைக்கென்று போனவர்களை எல்லைக்கு அப்பால் கடத்திப்போய் இணைய மோசடி வேலையில் அடைத்து வைத்திருப்பதாக ஒரு செய்தி வந்தது. அமல்ராஜ்தான் படித்துக் காட்டினார். டெல்பின் ஹரிபிரசாத்துக்குப் போன் செய்தாள்.

"நம்ம பசங்க நல்லா இருக்காங்க மேடம். கம்பெனி ரூல், போன் வெச்சிக்க விடமாட்டாங்க" என்றான்.

அடுத்த வாரம் அவன் போன் அணைந்திருந்தது. நேரில் போய்ப் பார்த்தாள். டிராவல்ஸ் இருந்த இடத்தில் ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்து ஜூஸ் கடைக்காரர், காலி பண்ணிட்டுப் போய் பத்து நாளாச்சு என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வகுப்பில் ஒரு புதுத் தம்பதிக்கு எண்கள் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது காளியாயி படியேறி வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். டெல்பின் வெளியே வந்ததும் போனை நீட்டினாள். முன்தினம் தெரியாத எண்ணிலிருந்து வந்த குரல் செய்தி. வீரமலை கிசுகிசுப்பாகப் பேசியிருந்தான்.

"அக்கா, இது அந்த ஊர் இல்ல. கார்ல ஒரு நாள் பூரா கூட்டிட்டு வந்து ஆத்தைத் தாண்டி விட்டுட்டாங்க. பெரிய காம்பவுண்டு, துப்பாக்கி வெச்சிருக்காங்க. பாஸ்போர்ட் அவங்ககிட்ட. போனுல பேசி ஆளுங்களை ஏமாத்தற வேலை. செய்யலைன்னா கரண்ட் வெக்கிறாங்க. ஜமீலும் இங்கதான் இருக்கான். யார்கிட்டயாவது சொல்லு அக்கா."

டெல்பின் இரண்டாம் முறை கேட்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள். காளியாயி திட்டுவாள், 'நல்ல ஜனங்கன்னு சொன்னீங்களே' என்பாள் என்று எதிர்பார்த்து நின்றாள். அப்படிச் சொல்லியிருந்தால்கூடப் பதில் ஒன்று வைத்திருந்தாள்.

"யார்கிட்ட சொல்லணும்னு தெரியல. படிச்சவங்க எனக்கு நீங்க ஒருத்தர்தான் தெரியும்" என்றாள் காளியாயி.

இருவரும் அன்றே போலீஸுக்குப் போனார்கள். மனுவை டெல்பின்தான் எழுதினாள். ஹரிபிரசாத் என்பவர் என் தம்பி வீரமலையிடம் வேலை வாங்கித் தருவதாகக் கூறி, என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் எழுதினாள். டிராவல்ஸ் இருந்த இடம், விமானம் கிளம்பிய தேதி, ஜமீலின் பெயர், எல்லாம் எழுதினாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடியில் நடந்த வகுப்பைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அந்த இடம் வந்தபோது பேனா தானாக அடுத்த பத்திக்குப் போனது.

காளியாயி கையெழுத்துப் போடும்போது கேட்டாள். "சாட்சின்னு உங்க பேரும் போட்டா நல்லா இருக்காதுங்களா டீச்சர்?"

"இப்போதைக்கு வேணாம். இது உங்க மனுதானே" என்றாள் டெல்பின்.

காளியாயி தலையாட்டினாள். அவள் அதை நம்பியதுதான் டெல்பினுக்குத் தாங்கவில்லை.

வீட்டில் அமல்ராஜ் ஆறுதல் சொன்னார். "நீ பாடம் சொல்லிக் குடுத்த. அவ்வளவுதான். டிரைவிங் சொல்லிக் குடுத்தவன் மேல கேஸ் போடுவாங்களா?" அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் பின்பக்கத்தை எடுத்துவிட்டதை அவள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.  கண்ணை மூடினால் ஜெராக்ஸ் கடையில் தாள் தாளாக வந்து விழுந்த சத்தம் கேட்டது.

பதினோரு நாள் கழித்து, காலை எட்டு மணி இருக்கும், அரிசி களைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. காளியாயி.

"டீச்சர், வெச்சிடாதீங்க. தம்பி லைன்ல இருக்கு. ஆத்துல நீந்தி இந்தப் பக்கம் வந்துடுச்சாம். யாரோ ஒரு அம்மா போன்ல இருந்து பேசுது. அந்தம்மா பேசறது ஒண்ணும் புரியலையாம். நீங்க பேசுங்க."

டெல்பின் கையைத் துடைக்காமலே போனைக் காதில் அழுத்தினாள். "வீரமலை, போனை அவங்ககிட்ட குடு" என்றாள். மறுமுனையில் ஒரு பெண்ணின் கரகரத்த குரல் தாய் மொழியில் படபடவென்று கொட்டியது. அந்தப் பேச்சைக் கேட்டு எட்டு வருஷமாகியிருந்தது. முதல் சில வார்த்தைகள் நழுவிப் போயின. பிறகு காது பழகியது.

அந்தப் பெண் சோளக்காட்டுக்காரி. காலையில் காட்டுக் கொட்டகைக்கு வந்து பார்த்தால் இரண்டு பேர் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் காலில் கிழிபட்டு ரத்தம். யார் நீங்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்று எத்தனை தடவை கேட்டாலும் இந்தப் பையன் ஒரே பதிலைத்தான் சொல்கிறான்.

"சுற்றிப் பார்க்க வந்தேன் என்கிறான். ஐந்து நாள் என்கிறான். கும்பிட்டுக் கும்பிட்டு அதையே சொல்கிறான். குடித்திருக்கிறானா? பைத்தியமா? என் வீட்டுக்காரர் இவர்களை விரட்டிவிடு, வம்பு வேண்டாம் என்கிறார்" என்றாள் அந்தப் பெண்.

டெல்பின் அடுப்படித் திண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, விரட்ட வேண்டாம்" என்று அந்த மொழியில் சொன்னாள். "அவன் பைத்தியமில்லை. அவனுக்கு வேறு வார்த்தை தெரியாது. அவனை ஏமாற்றி ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடைத்து வைத்திருந்தார்கள். தப்பித்து வந்திருக்கிறான். தயவுசெய்து போலீஸைக் கூப்பிடுங்கள். அவர்கள் வரும்வரை அவனை அங்கேயே வைத்திருங்கள்."

 பின்னால் ஒரு ஆண் குரல் ஏதோ கேட்டது, அந்தப் பெண் பதில் சொன்னாள். பிறகு போனில், "நீ யார்? இவனுக்கு என்ன வேண்டும்?" என்றாள்.

"க்ரூ" என்றாள் டெல்பின். ஆசிரியை.

"தாய் மொழி சொல்லித் தருகிற ஆசிரியையா?"

"ஆமாம்."

அதற்குமேல் அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. "தண்ணீர் கொடுக்கிறேன். ஊர்த் தலைவரைக் கூட்டிவரச் சொல்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். டெல்பின் வீரமலையிடம் பேசினாள். அங்கேயே உட்கார், ஓடாதே, போலீஸ் வந்தால் பயப்படாதே, பேர் கேட்டால் பேர் சொல்லு, எது கேட்டாலும் உண்மையைச் சொல்லு. பிறகு உதவி பண்ணுங்க என்பதற்கான வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தாள். "சுவய் துவய். சொல்லு." அவன் திருப்பிச் சொன்னான். அதை அவனுக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

"ஜமீல் கூட இருக்கானா?" என்று கேட்டாள்.

"இல்ல டீச்சர். இது முசிறிப் பையன். ஜமீல் கரை வரைக்கும் வந்தான். தண்ணியில எறங்க மாட்டேன்னுட்டான். இழுத்துப் பாத்தேன். காவலுக்கு இருந்தவங்க விளக்கு அடிச்சுட்டாங்க. விட்டுட்டு வந்துட்டேன்."

மத்தியானம் வரை லைன் நாலு முறை அறுந்து நாலு முறை சேர்ந்தது. கடைசியில் ஒரு போலீஸ்காரர் பேசினார், நிதானமான மனிதர். தப்பி வருகிறவர்களை வைத்திருக்கும் முகாமுக்குக் கூட்டிப்போவோம், உங்கள் தூதரகத்துக்குத் தகவல் போகும் என்றார். காளியாயி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே லைனில் இருந்தாள். முடிந்ததும், "உங்க காலைத் தொட்டுக் கும்பிடணும் டீச்சர்" என்றாள்.

"அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் டெல்பின். "நான் நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

மறுநாள் ஜீயபுரத்துக்குப் போனாள். ஹரிபிரசாத் கேட்டதையும், தான் 'சரி' என்றதையும், எடுத்துவிட்ட பன்னிரண்டு வரிகளையும், படிக்கட்டுக்குக் கீழே சொன்ன பதிலையும் ஒன்றுவிடாமல் காளியாயியிடம் சொன்னாள். மனுவில் தன் பெயரை ஏன் எழுதவில்லை என்பதையும் சொன்னாள். காளியாயி முறத்தில் இருந்த உளுந்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நான் கேட்ட அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அனுப்பாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அனுப்பியிருக்க மாட்டேன்."

"ஆமா."

காளியாயி நேற்றுச் சொன்ன நன்றியைத் திரும்ப வாங்கிக்கொள்வது மாதிரி ஒன்றும் பேசவில்லை. உட்காரச் சொன்னவள் எழுந்து போகவும் சொல்லவில்லை. "போலீஸ்ல சொல்லுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அமல்ராஜ் கூடாது என்றார். குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேச்சாகும், உன்னையும் சேர்த்து உள்ளே வைத்தால் என்ன செய்வது என்றார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. டெல்பின் மறு வாரம் தனியாகப் போனாள். விசாரித்தவர் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். டெல்பின் பழைய தாளையும் புதுத் தாளையும் மேஜைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். இன்ஸ்பெக்டர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேலைக்குத்தான் போறாங்கன்னு உங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சா?"

"சந்தேகம்னு எழுதிக்கிட்டா எனக்கு வசதியா இருக்கும் மேடம். தெரியும்."

இன்ஸ்பெக்டர் ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, 'தெரியும்' என்றே எழுதிக்கொண்டார். அன்றைக்கு அவளை உள்ளே வைக்கவில்லை. சாட்சியாகவா வேறு விதமாகவா என்பது பிறகு முடிவாகும், ஊரை விட்டுப் போகக்கூடாது, கூப்பிட்டால் வரவேண்டும் என்றார்கள். வெளியே வந்தபோது பாரம் இறங்கியிருக்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. பாலக்கரை போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

ஜமீலின் அம்மா சபீனா வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்கிறவள், கணவர் இல்லை. டெல்பின் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்ததும் சபீனா தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"உள்ள வாங்க" என்றாள் கடைசியில். "அந்த ஆறு எப்படி இருக்கும்? ஆழமா? புள்ளை தண்ணிக்குப் பயப்படுவான். அந்தப் பக்கம் எப்படி ஊருங்க? எனக்குச் சொல்லுங்க. யாரைக் கேட்டாலும் தெரியாதுங்கறாங்க."

டெல்பின் தெரிந்ததைச் சொன்னாள். அந்த வாரத்திலிருந்து சனிக்கிழமை தோறும் பாலக்கரைக்குப் போனாள். தாய்லாந்துச் செய்திகளை அந்த மொழியிலேயே படித்து, எல்லையில் எத்தனை பேரை மீட்டார்கள், எந்த முகாமில் இருக்கிறார்கள் என்று சபீனாவுக்குச் சொன்னாள். தூதரகத்துக்கும் முகாமில் வேலை செய்யும் ஒரு தொண்டு அமைப்புக்கும் ஜமீலின் போட்டோவோடு கடிதம் எழுதினாள். சபீனா எப்போதும் டீ கொடுத்தாள். கிளம்பும்போது, "இன்ஷா அல்லாஹ்" என்பாள். அதைத் தவிர டெல்பினிடம் கனிவாக ஒரு சொல்கூடச் சொன்னதில்லை. டெல்பினும் எதிர்பார்க்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து வீரமலை வந்தான். டெல்பின் பார்க்கப் போனபோது வாய்க்கால் மதகின்மேல் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, வலது கையில் இரண்டு இடத்தில் கருகிய தழும்பு. அவளைப் பார்த்ததும் எழுந்தான், பழக்கத்தில்.

"அக்கா எல்லாம் சொல்லிச்சு" என்றான்.

"மன்னிச்சிடுன்னு கேக்க வரல வீரமலை. நேர்ல வந்து சொல்லணும்னுதான் வந்தேன்."

அவன் தண்ணீரைப் பார்த்தான். "கோவம் இருக்கு டீச்சர். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கோவப்பட எனக்கு வாய் இல்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தான். "அங்க என்னைப் பொம்பளை மாதிரி பேச வெச்சாங்க. டைப் பண்ணித்தான். ஏதோ வெளிநாட்டுல ஒரு பெரியவர், பொண்டாட்டி செத்துப் போனவர். தினமும் நான் சாப்பிட்டேனான்னு கேப்பாரு. நாப்பது நாள் பேசினேன். வெச்சிருந்த பணம் எல்லாத்தையும் நான் சொன்னதுல போட்டுட்டாரு. கடைசி நாள் வரைக்கும் சாப்பிட்டியான்னுதான் கேட்டாரு. அடிப்பாங்கன்னுதான் செஞ்சேன். இருந்தாலும் செஞ்சது நான்தானே."

டெல்பினுக்கு, அது உன் தப்பு இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அமல்ராஜ் தனக்குச் சொன்ன அதே ஆறுதல். சொல்லாமல் அவன் பக்கத்தில் மதகில் உட்கார்ந்தாள். இருட்டுவதற்கு முன் கடைசி பஸ்ஸுக்கு அவன் அவளை ஸ்டாப் வரை கொண்டுவந்து விட்டான்.

ஹரிபிரசாத்தை ஓசூரில் பிடித்தார்கள். வழக்கில் டெல்பினைச் சாட்சியாகச் சேர்த்தார்கள். கோர்ட்டில் அவன் வக்கீல், பொய் சொல்லிக் கொடுத்தவரே இவர்தானே என்று கேட்டார். ஆமாம் என்றாள். செய்தி பேப்பரில் வந்து, டியூஷன் சென்டர்காரர் மாடியை வேறு ஆளுக்கு விட்டுவிட்டார். குவார்ட்டர்ஸில் சிலர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். ரங்கநாயகி மாமி மட்டும் ஒரு தரம் போன் செய்து, "நீ போய்ச் சொன்னது சரி. முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி வைத்தார்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை அவள் பாலக்கரைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபோது காளியாயி வேறு ஏதோ கேட்கப் போன் செய்தாள். பேச்சோடு பேச்சாக, "ஜமீல் தம்பி நேத்து எங்க வீட்டுக்கு வந்துச்சு. ரொம்ப எளைச்சிடுச்சு" என்றாள்.

"ஜமீல் வந்துட்டானா?"

"வந்து பத்து நாளாச்சே. உங்களுக்குத் தெரியாதுங்களா? அங்க உள்ள பூந்து எல்லாரையும் மீட்டாங்களே, அதுல வந்துச்சு."

போன சனிக்கிழமை சபீனா வீடு பூட்டியிருந்தது. உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று டெல்பின் திரும்பி வந்திருந்தாள். அப்போதே அவன் வந்துவிட்டிருக்கிறான். அவளுக்குச் சொல்லவேண்டும் என்று சபீனாவுக்குத் தோன்றவில்லை, அல்லது வேண்டாம் என்று தோன்றியிருக்கிறது. முதலில் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தனக்குச் சொல்லவில்லை என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

பாலக்கரையில் இறங்கினாள். அந்தத் தெருமுனையில் உள்ள கடையில் ஜமீல் நின்று ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தான். தலை மொட்டை.  சில்லறையை வாங்கிக்கொண்டு திரும்பியவன் அவளைப் பார்த்தான். அடையாளம் கண்டுகொண்டது அவன் கண்ணில் தெரிந்தது. அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். வேண்டாம் என்பது போல அவன் மெதுவாகத் தலையை ஆட்டினான், கோபமாக அல்ல, களைத்துப்போய். பிறகு பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, இடது காலைக் கொஞ்சம் இழுத்தபடி தெருவுக்குள் நடந்தான்.

அவன் வீட்டு வாசலை எட்டி உள்ளே போகும்வரை டெல்பின் அங்கேயே நின்று பார்த்தாள். பிறகு ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் பஸ்ஸுக்கு நின்றாள்.